பேராசிரியர் வந்தால் நகரும் புள்ளி

அணுக்கள்கூடத் தன்னிடம் மரியாதை வைத்திருப்பதாகப் பேராசிரியர் எவரிஸ்டோ மனதார நம்பினார். சாவ் கார்லோஸ் நகரத்து ஆய்வகத்தில், வெற்றிடக் கண்ணாடிக் குடுவைக்கருகே அவர் வந்து நின்றால் போதும், உள்ளே கடுங்குளிரில் மிதக்கும் அணுக்கூட்டம் குணம் மாறிவிடும்.

அவருடைய மாணவி ஜந்தீராவின் முனைவர் பட்டம் அந்தக் குணத்தில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. காந்தப்புலத்தை ஒரு புள்ளிக்கு மேலே ஏற்றினால் அணுக்கள் ஒன்றையொன்று தள்ளும், கீழே இறக்கினால் இழுக்கும். மயிரிழை அகலமுள்ள அந்தப் புள்ளியை நான்கு வருடம் அளந்து அவள் ஓர் எண் வைத்திருந்தாள். பேராசிரியர் தன் கையால் அளந்து வேறோர் எண் வைத்திருந்தார். ஆய்வேட்டில் அவர் எண் வராமல் கையெழுத்து கிடையாது. கையெழுத்து இல்லையென்றால், மார்ச்சில் வியன்னாவில் காத்திருக்கும் வேலையும் கிடையாது.

"கம்ப்யூட்டர்கிட்ட விட்டுட்டுப் போனா எப்படிம்மா? அணு பக்கத்துல நிக்கணும்."

"மாசக்கணக்கா நின்னேன் புரொஃபசர்."

"அப்ப உன்கிட்ட அந்தக் கைராசி இல்ல."

ஒரு செவ்வாய்க்கிழமை, யாருடைய சாவுக்கோ போய்விட்டுக் கறுப்புக் கோட்டோடு வந்து அளந்தார். ஜந்தீராவின் எண் வந்தது. "மெஷின் கெட்டுப்போச்சு," என்று கோபித்துக்கொண்டு போனார். அவள் அவர் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அங்கே சாதாரண பெல்ட். மற்ற நாளெல்லாம் தேநீர்த் தட்டு அகலத்துக்கு ஓர் எஃகு பக்கிள் மின்னும். இளவயதில் காளைச் சவாரிப் போட்டியில் எட்டு விநாடி விழாமல் தாங்கியதற்குப் பரிசு. இருபது வருடம் காந்தச் சுருள்களை உரசி நின்றதில் அதுவும் காந்தமாகியிருந்தது.

மறுநாள் ஜந்தீரா சொல்லி, ஆய்வகப் பட்டறைக்காரர் லிந்தோமார் ஒரு திசைகாட்டியோடு நடைபாதையில் பேராசிரியரை மறித்தார். ஊசி வடக்கை விட்டுவிட்டு அவர் தொப்புளைப் பார்த்துத் திரும்பியது.

"அட, உங்களுக்கு எவ்வளவு ஈர்ப்பு புரொஃபசர்!"

"என்னய்யா நக்கலா?"

"அவுத்துட்டு ஒரு தடவ அளந்துடுங்களேன்," என்றாள் கூடவே வந்திருந்த ஜந்தீரா. "என் எண் வரலைன்னா உங்களோடதையே எழுதிடறேன்."

சவால் என்றால் அவரால் விட முடியாது. பெல்ட்டை லிந்தோமாரிடம் எறிந்துவிட்டு, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பொத்தான்களை அழுத்தினார். மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் அவள் எண்தான். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் கையெழுத்திட்டபோதும் இடது கை இடுப்பில்தான் இருந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு அவர் தோள்பட்டி மாட்டிய கால்சட்டையோடு வந்தார். "ஆராய்ச்சியாளனோட உடம்பே அளவைக் கெடுக்கும்னு முதல்ல சந்தேகப்பட்டது நான்தான்," என்று தேர்வாளர்களிடம் தொடங்கினார். தலைமைத் தேர்வாளர் நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஜந்தீரா, இதுல ஒரு காளைக்கு நன்றி சொல்லியிருக்கீங்களே?"

"ஆமாங்க. எட்டே விநாடியில கீழ தள்ளிடுச்சு. எனக்கு நாலு வருஷம் ஆச்சு."

பேராசிரியர் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். அந்தப் பக்கத்தை அவர் படித்திருக்கவில்லை. மற்ற பக்கங்களையும்தான்.