அனுப்புநர்: அப்சர்

எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்திலிருந்தே அறிக்கையை அனுப்பிவிடுவான் அப்சர். கோப்பு, அனுப்பு, மின்னஞ்சல் என்று வரிசையாகத் தட்டுவான். தேநீர் ஆறுவதற்குள் தஞ்சாவூர் தலைமையகத்துக்குப் போய்விடும். எங்கள் கீழ்வேளூர் உழவர் நிறுவனத்தில் அவன் சேர்ந்து ஒரு போகம்கூட ஆகவில்லை. அதற்குள் மேலாளர் துரைராசு சாருக்கு எதற்கெடுத்தாலும் அப்சர்தான்.

எனக்கு வயிறு எரிந்தது. நான் செந்தாமரை, கள ஒருங்கிணைப்பாளர். சேறு மிதிக்கிற வேலையெல்லாம் என்னுடையது. அலுவலகக் கணினிகளை லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்துக்கு மாற்றிய நாளிலிருந்து என் பாடு திண்டாட்டம். லிப்ரே ஆபீஸ் என்ற எழுதும் நிரலில் எழுதியதைச் சேமித்து, உலாவியைத் திறந்து, கோப்பை எங்கே வைத்தேன் என்று துழாவி, கடைசியில் போன குறுவை அறிக்கையை இணைத்து அனுப்பி அசடு வழிந்திருக்கிறேன். அன்றைக்கு அப்சர் தானாக வந்து கேட்டான்.

"அக்கா, பக்கத்துலேருந்தே மெயில் போறத உங்க மெஷின்லயும் செட் பண்ணித் தரவா?"

"வேண்டாம் தம்பி. எனக்குப் பழகுன வழியே போதும்."

இந்த மாதம் விஷயமே வேறு. கடைமடையில் வடிகால் தூர்ந்து, ஒரு மழைக்கே சம்பாப் பயிர் மூழ்கிவிடுகிறது. அதைப் பற்றிச் சிறந்த அறிக்கை எழுதுகிறவர் தஞ்சாவூரில் பொறியாளர்கள் முன்னால் பேசலாம் என்று தலைமையகம் அறிவித்தது. ஆகாயத்தாமரை மண்டிய வடிகாலை முழங்கால் சேற்றில் நடந்து பார்த்தவள் நான். அந்த மேடை எனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். அறிக்கையை அப்சர் மாதிரியே தட்டி அனுப்ப வேண்டும், அவனிடம் கேட்காமல் அனுப்ப வேண்டும் என்றும் ஒரு வீம்பு.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அவன் ஜும்மா தொழுகைக்குப் போனதும் அனுப்பு என்பதைத் தட்டினேன். வேலை செய்யும் மின்னஞ்சல் அமைப்பு எதையும் காணோம், கோப்பைச் சேமித்து நீங்களே இணைத்துக்கொள்ளுங்கள் என்று செய்தி வந்தது. கணினிக்கும் என்னைப் பார்த்தால் இளக்காரம்.

விருப்பங்கள் என்ற அமைப்புப் பட்டியலுக்குள் போய்த் தேடினால், அஞ்சல் நிரலின் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாகக் கிடந்தது. எழுந்துபோய் அப்சர் கணினியைப் பார்த்தேன். பூட்டிவிட்டுப் போகும் வழக்கம் அவனுக்குக் கிடையாது. எல்லாரையும் நம்புகிறவன், அதுவும் எனக்குப் பிடிக்காது. அவன் கட்டத்தில் இருந்ததை அப்படியே என்னுடையதில் எழுதினேன். இப்போது தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் நிரல் திறந்தது. ஆனால் கணக்கு எங்கே, சேவையகம் எது என்று கேள்விமேல் கேள்வி கேட்டது.

இணையத்தில் தேடினேன். ஓடுகிற கணினியிலிருந்து தண்டர்பேர்ட் கோப்புறையை நகலெடுத்து வைத்தால் எல்லாம் சரியாகும் என்று யாரோ எழுதியிருந்தார். அது ஒரே ஆள் கணினி மாற்றும்போது செய்வது என்றும் கீழே எழுதியிருந்திருப்பார். நான் அதுவரை படிக்கவில்லை. பென் டிரைவில் அப்சரின் கோப்புறையை அள்ளிக்கொண்டு வந்து என் கணினியில் போட்டேன். மறுபடி தட்டினேன். புதுக் கடிதம் திறந்தது, என் அறிக்கை அதில் ஒட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பூரிப்பில் மற்ற எதையும் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பதில் வந்தது. "அன்புள்ள அப்சர்" என்று தொடங்கியது. வந்ததிலேயே சிறந்த அறிக்கை உங்களுடையது, தஞ்சாவூருக்கு வந்து பேசுங்கள் என்று இருந்தது. அப்போதுதான் பக்கத்தை ஒழுங்காகப் பார்த்தேன். பெட்டி முழுக்க அவனுக்கு வந்த கடிதங்கள். என் அறிக்கை அவன் பெயரில் போயிருக்கிறது. என்னுடையது என்று சொல்ல வேண்டுமானால், அவன் கோப்புறையை எடுத்ததையும் சொல்ல வேண்டும்.

எதிர் மேசையில் அவனும் அதையே படித்துக்கொண்டிருந்தான். புருவம் சுருங்கியது. இணைப்பைத் திறந்து பார்த்திருப்பான், அந்த வடிகாலில் நடந்தது யார் என்று அவனுக்குத் தெரியும். ஒருமுறை என் பக்கம் பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்யத் தொடங்கினான். நன்றி, வருகிறேன் என்று எழுதுவான், எழுதட்டும் என்று காத்திருந்தேன். சத்தியமாக அதைத்தான் விரும்பினேன். எழுதிவிட்டால் ஆயுசுக்கும் அவனை நிம்மதியாக வெறுக்கலாம்.

என் கணினியிலும் ஓடுவது அவன் கணக்குத்தானே, அவன் அனுப்பியது என் திரையிலும் வந்து விழுந்தது. "இது நான் எழுதியது அல்ல. செந்தாமரை அக்கா எழுதியது. அவர்கள் கணினியில் மின்னஞ்சலை அமைத்துக் கொடுத்தபோது என் கணக்கை மாற்ற மறந்துவிட்டேன், தவறு என்னுடையது. அவர்களையே பேச அழைக்கவும்."

நான் வேண்டாம் என்று விரட்டியதைச் செய்துகொடுத்ததாக எழுதியிருக்கிறான். சிறிது நேரம் கழித்து என் மேசைக்கு வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, தஞ்சாவூர்ல பேச உங்களக் கூப்புடுவாங்க. அதுக்குள்ள உங்க மெஷின்ல கணக்க மட்டும் மாத்திரலாமா?"

நாற்காலியை நகர்த்தி அவனுக்கு இடம் விட்டேன். எப்படி, ஏன் என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் பெயரை நீக்கி என் பெயரை எழுதினான், எழுத்துப் பிழையில்லாமல்.

நான் கேட்ட மேடை கிடைத்துவிட்டது. பொறியாளர்கள் முன்னால் நன்றாகத்தான் பேசுவேன், கைகூடத் தட்டுவார்கள். ஆனால் அந்தக் கடிதம் எனக்கு வந்து, அறிக்கை அவனுடையதாக இருந்திருந்தால், நான் அப்படி ஒரு பதில் எழுதியிருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும். வயிறு இன்னும் எரிகிறது.