டர்பன்டைன் மரத்துக் கூடு

செவ்வாய்க்கிழமையே சொன்னேனே. விரலை நீட்டிக் காட்டிக்கூடச் சொன்னேனே.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்ற ஜெயந்தினிக்கு வேறு நினைவே இல்லை. மற்றப் பெண்கள் தேயிலை மலைக்கு ஏறிவிட்டார்கள். அவளை மட்டும் தனுஜா நிற்கச் சொல்லியிருந்தாள்.

தனுஜா ஜெயந்தினி குடியிருக்கும் அதே லயத்து வரிசை வீட்டுப் பெண். மூன்று வருஷம் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள். அவள் சுப்பவைசராக வந்த அன்று, "இனி நம்ம வாய்க்கும் ஒரு காது கெடைச்சிருச்சுடி" என்று கூடக் கொழுந்து எடுக்கும் மதினி ராக்காயி ஜெயந்தினியிடம் சிரித்தாள். ஆபத்து எதைக் கண்டாலும் தனுஜாவிடம் சொன்னால் போதும், புத்தகத்தில் எழுதித் தோட்டத் துரையிடம் கொண்டுபோவாள் என்று ஏற்பாடு.

மலையிலிருந்த டர்பன்டைன் மரத்தில் குளவிக்கூட்டைக் கண்டதும் ஜெயந்தினி சொன்னாள். தனுஜா எழுதிக்கொண்டாள். மறுநாள் கேட்டதற்கு, "எடுத்தாச்சுக்கா, தைரியமா ஏறுங்க" என்றாள்.

அன்று பனிமூட்டத்தில் மரத்தின் தலை தெரியவில்லை. தயங்கி நின்ற ராக்காயியிடம், "நம்ம புள்ள பொய் சொல்லுமா? போங்க மதினி" என்றது ஜெயந்தினிதான். கொழுந்து முற்றுகிற நேரத்தில் மலையை நிறுத்தினால் துரை ஏசுவார் என்று தனுஜா அவரிடம் வாயே திறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ராக்காயி இப்போது ஆஸ்பத்திரியில், குளவி கொட்டி இரண்டு கண்ணும் வீங்கி மூடிக் கிடக்கிறாள்.

தனுஜா ஒரு தாளை நீட்டினாள். வேலையை விட்டு விறகு பொறுக்கப் போன ராக்காயி கூட்டைக் கலைத்துவிட்டாள் என்று அதில் இருந்தது. 'நேரில் கண்டவர்' என்ற இடத்தில் ஜெயந்தினியின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

"இப்படி எழுதுனா மதினிக்கு நட்டஈடு கெடைக்குமா?"

தனுஜா பேனாவைத் திறந்து நீட்டினாள்.

"நான் சொன்னத எழுதுனியே, அந்தப் பக்கத்தக் காட்டு."

தனுஜா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அது இப்ப இல்லக்கா. ஒரு கையெழுத்துதானே? இல்லாட்டி என் வேல போயிரும். நீங்க என் அக்கா மாதிரி."

களத்தை ஒட்டி, கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையின் மூலையில் ராக்காயியின் கூடை அப்படியே இருந்தது. அதில் ஒரு விறகுச் சுள்ளிகூட இல்லை. அரைக் கூடைக் கொழுந்து வாடிக் கறுத்திருந்தது.

ஜெயந்தினி கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தாள். தன் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினாள்.

"நேரமாச்சு. நெரைக்குப் போறேன்."