இன்றைக்கு நீ விஜயன்

சாலாக் செலாத்தானில் உள்ள ஒரு சாலையோர ஒட்டுக்கடையில், காலை ஆறரை மணிக்கு, தே தாரேக் தேநீர் பாதி தீர்ந்ததும் குத்தகைக்காரர் கன்னையா தம் சட்டைப் பையிலிருந்து ரப்பர் வளையம் சுற்றிய அட்டைக் கட்டை எடுப்பார். கட்டுமானத் தொழிலாளர்களுக்கு அரசு வழங்கும் பச்சை அட்டைகள் அவை. மொத்தம் பதினொன்று. எதிரே நிற்கும் சுவர் பூசும் வேலைக்காரர்களும் பதினொருவர். ஆயினும் தம் பெயர் பொறித்த அட்டையை உடையவர் அவர்களுள் ஐவரே. மற்ற அட்டைகளுக்கு உரியவர்கள் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அட்டைகள் மட்டும் கன்னையாவிடம் தங்கிவிட்டன. அவர் அவற்றைச் சீட்டுப் போலப் பகிர்ந்து, மீதி அறுவருக்கும் அன்றைய பெயரைச் சூட்டுவார்.

“நீ தம்புசாமி. நீ பாலன். வேலு, இன்னிக்கு நீ விஜயன்.”

“நேத்து நான் பாலன்ல அண்ணே?” என்றார் வேலாயுதம்.

“பாலனா இருந்து நீ பூசுன செவுரு கோணலா இருக்கு. விஜயனாவாச்சும் நேரா பூசு லா.”

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கன்னையா தினமும் சொல்வதைச் சொன்னார்: “சைட்டுக்குள்ள போயிட்டா சொந்தப் பேரு வாயில வரக் கூடாது. யாரு கேட்டாலும்.”

முன்பெல்லாம் இந்தத் தொல்லை இல்லை. பதிவில்லாத வேலையை ஒழிக்க அரசு நெருக்கத் தொடங்கிய பின், பிரிக்ஃபீல்ட்ஸில் அவர்கள் வேலை செய்யும் அடுக்குமாடியைக் கட்டும் பெரிய நிறுவனம் வாசலில் ஓர் இயந்திரத்தை வைத்தது. அட்டையும் சொக்சோ என்னும் தொழிலாளர் காப்புறுதியும் இல்லாதவன் உள்ளே நுழைய முடியாது. இயந்திரம் அட்டையைப் பார்த்தது. அட்டையிலிருந்த படத்தையும் அதை நீட்டிய முகத்தையும் ஒப்பிட வேண்டிய வாசற்காவலர் ஜாகாவோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓர் அரசன், காணாமற்போகும் ஆடுகளைக் கண்டுபிடிப்பதற்காக, ஒவ்வோர் ஆட்டுக்கும் மணி கட்ட ஆணையிட்டானாம். இடையனோ பழைய மணிகளை வைத்துக்கொண்டு, காவற்சாவடியைக் கடக்கும் ஆடுகளின் கழுத்தில் மாற்றி மாற்றிக் கட்டினானாம். சாவடியில் கணக்குச் சரியாக இருந்தது. ஓநாய்க்குச் சாவடிக் கணக்கு தெரியாது.

வேலாயுதத்தையும் குற்றமற்றவர் என்று சொல்லிவிட முடியாது. நான்கு ஆண்டுகளுக்கு முன் கன்னையா பதிவு செய்யக் கேட்டபோது, “சம்பளத்துல பிடித்தம் வேணாம் அண்ணே, முழுசா கையில குடுங்க” என்றவர் அவரே. கன்னையா இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்காதது அவருக்கும் ஆதாயமாக இருந்தது.

அன்று பத்து மணியளவில் சாரத்தின் பலகை புரண்டது. வேலாயுதம் மூன்றாம் மாடி உயரத்திலிருந்து விழுந்தார். நினைவிழந்தவரின் பையில் இருந்த அட்டையைப் பார்த்து, மருத்துவமனையில் ‘விஜயன்’ என்று எழுதிக்கொண்டார்கள்.

மாலையில் அவர் மனைவி தாமரை, கிள்ளானிலிருந்து கன்னையாவை அழைத்தாள்.

“அண்ணே, அவரு இன்னும் வரல. போனும் எடுக்க மாட்டேங்கிறாரு.”

கன்னையா சற்றே தயங்கினார். பெயர் மாறிய செய்தி வெளியானால் குத்தகை போகும், உரிமமும் போகும்.

“இன்னிக்கு வேலு வேலைக்கே வரலயே மா,” என்றார்.

தாமரை இரண்டு நாள் தேடினாள். போலீஸ் நிலையத்தில் கேட்டாள். மருத்துவமனைகளில் கேட்டாள், வேலாயுதம் என்று ஒருவரும் சேர்க்கப்படவில்லை என்றார்கள். பிறகு பெயரைச் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டு, கட்டில் கட்டிலாக முகங்களைப் பார்த்து நடந்தாள். மூன்றாம் நாள், ‘விஜயன்’ என்று எழுதிய பலகைக்குக் கீழே தன் கணவரைக் கண்டாள். நினைவு திரும்பியிருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை.

மறுவாரம் சொக்சோ அதிகாரி ஹுமைரா விசாரிக்க வந்தார். நிறுவனத்தின் கட்டளைப்படி கன்னையாவும் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

“வாசல் பதிவுல விஜயன்னு இருக்கு. உங்க மனைவி வேலாயுதம்னு சொல்றாங்க. நீங்களே சொல்லுங்க அண்ணே, உங்க பேரு என்ன?” என்றார் ஹுமைரா.

வேலாயுதம் கன்னையாவை ஒருமுறை பார்த்தார்.

“விஜயன்.”

“உங்க ஐசி அடையாள அட்டையில வேலாயுதம்னு இருக்கே?”

“விஜயன்தாங்க.”

கன்னையாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. மறைக்காமல் சொல்ல வேண்டும், நிம்மதிதான்.

ஹுமைரா பேனாவை மூடினார். “விஜயன் உயிரோட சிங்கப்பூர்ல இருக்காரு, நான் பேசிட்டேன். வேலாயுதம் அன்னிக்கு அந்த சைட்ல வேலை செஞ்சாருன்னு தெரிஞ்சாதான் வைத்தியம், ஊனத்துக்கான மாசப் பணம், எல்லாத்துக்கும் வழி பண்ண முடியும். இவரே இல்லன்னு சொன்னா நான் என்னத்த எழுதுறது?”

தாமரை அழவில்லை. கன்னையாவின் பக்கம் திரும்பினாள். “நான் பத்து வாட்டி கேட்டுட்டேன். நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. சொல்லச் சொல்லுங்க அண்ணே.”

“வேலு,” என்றார் கன்னையா. “உன் பேர சொல்லு.”

“வேணாம் அண்ணே. உங்களுக்குப் பிரச்சனையாயிடும்.”

அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள். கன்னையா ஒரு முக்காலியை இழுத்து, ஹுமைராவின் எதிரே உட்கார்ந்தார்.

“எழுதிக்குங்க மா. இவரு வேலாயுதம். நாலு வருஷமா என் ஆளு. பதியல. அந்தக் கார்ட குடுத்தது நான்தான்.”

“இத எழுதுனா உங்க மேல கேஸ் வரும், அங்கிள்.”

“வரட்டும். இவங்க போன் பண்ணப்ப, ஆளு வேலைக்கே வரலன்னு பொய் சொன்னேன். அதையும் எழுதுங்க.”

ஹுமைரா எழுதினார். வேலாயுதம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தாமரை நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கன்னையா அங்கே உட்கார்ந்திருக்க முடியாது.

“வேற யாரெல்லாம் இப்படி உள்ள போறாங்க?”

“அஞ்சு பேரு.” மூவரின் பெயர்களைச் சொன்னவர் நின்றார். மற்ற இருவரையும் அட்டைப் பெயர்களால் மட்டுமே அவர் அறிந்திருந்தார். கைப்பேசியை எடுத்து, அவ்விருவருள் ஒருவரை அழைத்தார்.

“தம்பி, கன்னையா பேசுறேன். உன் முழுப் பேரையும் ஐசி நம்பரையும் சொல்லு. ஆமா, சொந்தப் பேரு. மெதுவா சொல்லுப்பா, பதியுறாங்க.”