இரண்டாவது வெளிச்சம்

ஆறுச்சாமிக்கு ஊசியைக் கண்டாலே ஆகாது. அப்பேர்ப்பட்டவர் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் மேசையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார் என்றால், அதற்குக் காரணம் அண்ணன் நல்லதம்பி. குடல் புற்றில் போய்விட்டார். அதற்கு முன்பு அவருக்கு வேறோர் ஊரில் இதேபோல் குழாய் விட்டுப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்குப் பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை வீட்டில் ஆட்டுக்கறி விருந்தே நடந்தது.

மயக்க மருந்து வேண்டாமென்று அடம்பிடித்திருந்தார். அவருக்குத் தெரியாமல் அவர் வயிற்றுக்குள் யார் என்ன செய்துவிடுவது! திரையில் எல்லாம் தெரிந்தது. திடீரென்று டாக்டர் செல்வப்பிரியாவின் கை நின்றது. குடலின் ஒரு வளைவில் சிவப்பாக ஏதோ தேங்கிக் கிடந்தது.

“ரத்தமா டாக்டர்?” என்றாள் நர்ஸ் மோனிஷா. ஆறுச்சாமி தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார்.

“ஏனுங்கய்யா, நேத்துத் தண்ணி மட்டுந்தானே குடிச்சீங்க?” என்று கேட்டார் டாக்டர்.

“தண்ணி மட்டுந்தானுங்க. ஊட்டுல கொதிக்க வெச்சது.”

“பதிமுகம் போட்டுங்களா?”

“பின்ன? அது போடாத தண்ணிய எங்க ஊட்டுல ஆருங்க குடிப்பா?”

பதிமுக மரச் சீவல் போட்டுக் கொதித்த தண்ணீர் ரோஜா நிறத்தில் இருக்கும். சிவப்பாக எதையும் குடிக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியும், ஆறுச்சாமியின் மனைவி சரஸ்வதியம்மாள் சொம்பு சொம்பாக அதைத்தான் கொடுத்திருந்தார். அந்த வீட்டில் தண்ணீர் என்றால் அதுதான்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைக் கழுவி உறிஞ்சி எடுத்துவிட்டு, வெள்ளை வெளிச்சத்தில் குடல் முழுவதையும் பார்த்தார்.

“ஒண்ணுமில்லீங்கய்யா.”

ஆறுச்சாமி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “எங்கண்ணனுக்கும் இதையேதானுங்க சொன்னாங்க.”

“இன்னும் முடியலீங்க. இனி நீல வெளிச்சத்துல ஒருக்கா பாக்கோணும்.”

இரண்டு வெளிச்சத்தில் எது சின்னக் கட்டிகளை அதிகம் காட்டிக்கொடுக்கிறது என்று ஒப்பிடுவதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. ஆறுச்சாமி அதைக் காதில் வாங்காமலே சம்மதித்திருந்தார்.

திரை நிறம் மாறியது. சிவப்புத் தண்ணீர் தேங்கியிருந்த அதே வளைவில், வெளிறிய சதை நடுவே பழுப்பாக ஒரு புள்ளி. தட்டையாக, துவரம்பருப்பு அளவுகூட இல்லை. டாக்டர் அதன்மேல் நீலச் சாயம் தெளித்தார். ஓரம் பளிச்சென்று எழுந்து நின்றது. சுருக்குக் கம்பியை மாட்டி அறுத்து எடுத்தார்.

“பாத்தா புத்து மாதிரி இல்லீங்க. சோதனைக்கு அனுப்பறனுங்க. உட்டிருந்தா பின்னால ஆனாலும் ஆகியிருக்கும்.”

“இந்த வெளிச்சத்துல பாத்திருந்தா எங்கண்ணன் இருந்திருப்பானுங்களா?”

“அதை எப்படீங்கய்யா சொல்றது?”

ஆறுச்சாமி அழுதார். தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதியும், அண்ணன் தப்பவில்லையே என்ற ஆற்றாமையும் ஒன்றாக வந்தன.

வெளியே வந்ததும் அண்ணன் மகன் கோபிநாத்துக்குப் போன் போட்டார்.

“கண்ணு, நீயும் இங்க வந்து காட்டோணும். அதுக்கு மொத நாள் ஊட்டுத் தண்ணி குடிக்காதே, வெறும் தண்ணி குடி. ஒண்ணுமில்லேன்னு சொன்னாங்கன்னா எந்திரிச்சு வந்துறாதே சாமி. இன்னொரு வெளிச்சம் இருக்குது, அதையும் போடச் சொல்லு.”