கொள்ளு பரப்பிய சாலை

சுரேந்தர் பாலைக் காய்ச்சி இறக்கினான். அஷ்வினி குளித்துவிட்டு வந்து இரண்டு டப்பாக்களில் சித்ரான்னம் அடைத்தாள். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டான். பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்தான். இரண்டு டப்பாக்களும் அன்று மாலை திறக்கப்படாமல் வீடு திரும்பின.

நஞ்சன்கூட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அன்று முதல் நாள். ஒன்பது மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள், வராதவர் இடம் அடுத்த ஆளுக்கு என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது அந்த வேலை ஒன்றைத்தான். அக்ரஹாரம் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தார்கள், பஸ் வரவில்லை. அவன் ஸ்கூட்டரைச் சாய்த்து நிமிர்த்தி உதைத்தான்.

பாதி வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. கூட்ஸ் வண்டி நிதானமாகப் போனது. அவன் பி.யு.சி. பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துபவன். மனசு தானாகக் கணக்குப் போட்டது. முதல் பாதியில் விட்ட நேரத்தை இரண்டாம் பாதியில் பிடிக்க வேகம் எக்கச்சக்கமாக ஏற வேண்டும். மிச்சம் பன்னிரண்டு கிலோமீட்டர், பன்னிரண்டு நிமிஷம். அறுபதில் போனால் போதும் என்றான்.

"உங்க பாடத்துல வண்டிக்கு வயசே ஆவாதுங்களா?" என்றாள்.

கேட்டுக்கு அப்பால் சாலை நேராகக் கிடந்தது. அறுவடைக் காலம். களத்துக்குப் பதில் தார் ரோட்டிலேயே கொள்ளுச் செடியைப் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மணியை உதிர்த்துவிடும். காய்ந்த செடி சோப்பு மாதிரி வழுக்கும். அஷ்வினி கொள்ளேகாலில் வளர்ந்தவள். மெதுவாக, காலை ஊன்றிக் கடக்க வேண்டும் என்றாள்.

வேண்டாம் என்றான். வேகம் மாறினால்தான் வழுக்கும், திசை மாறினால்தான் வழுக்கும். ஒரே வேகத்தில், ஒரே கோட்டில் போகிற சக்கரம் தரையிடம் பெரிதாக எதையும் கேட்பதில்லை. பிரேக்கைத் தொடாமல் போனால் தொல்லையே இல்லை.

முதல் பரப்பைக் கடந்தார்கள். சரசரவென்று சத்தம், அவ்வளவுதான். இரண்டாவதையும் கடந்தார்கள். தோளை இறுக்கிப் பிடித்திருந்த அவள் கை தளர்ந்தது. அவன் சொன்னது சரியாகவே இருந்தது.

மூன்றாவது நீளமானது. அதில் ஏறியதும் அவள் அவன் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். அவன் சிரித்தான். ஓரத்தில் செடியைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவி, மல்லம்மா என்று பிற்பாடு போலீஸ்காரர் சொன்னார், இவர்களுக்கு முதுகு காட்டியபடியே இரண்டடி பின்னால் எடுத்து வைத்தாள்.

அவன் பிரேக்கை மிதித்தான். சக்கரம் நின்றது. வேகம் குறையவில்லை. வண்டி படுத்து, அதே கோட்டில், அதே வேகத்தில், எதிரே இருந்த சிறு பாலத்தின் சுவர் வரை போனது. கிழவிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு மணிக்கட்டு முறிந்தது.

காரியம் முடிந்த அன்று அஷ்வினியின் அம்மா மாரக்காள் அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "கடைசியா என்னுங்க மாப்ள சொன்னா?"

"உங்களத்தான் கேட்டா அத்தை. ஞாயித்துக்கிழமை போலாமான்னு."

மாரக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே கொள்ளேகால் பஸ் ஏறினாள். அவன் ஸ்டாண்டில் நின்றான். பஸ் மெல்ல நகர்ந்து, வேகமெடுத்து, மறைந்தது.

அஷ்வினி சொன்னது அது இல்லை.

"ஓடற மாதிரியே தெரியலீங்க. இன்னுங் கொஞ்சம் முறுக்குங்க."