கட்டுப் போட்ட கதவு

எதிர் வீட்டு இவெட்டின் வாசலைப் பார்க்கும்போதெல்லாம் க்ளெண்டாவுக்கு வயிறு எரிந்தது. போன ஹாலோவீன் ராத்திரி, பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வந்த தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான் மொய்த்தார்கள். க்ளெண்டாவின் மிட்டாய்ச் சட்டியை யாரும் சீண்டவில்லை. அவள் புருஷன் வெண்டெல்தான் கிறிஸ்துமஸ் வரை தின்று, கடைசியில் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டான்.

இத்தனைக்கும் இவெட் வைத்திருந்ததெல்லாம் கடைச் சரக்கு. பேட்டரி போட்டால் இளிக்கும் சூனியக்காரி, காற்றை ஊதினால் எழுந்து நிற்கும் ஆளுயரப் பூதம்.

"காசை விட்டெறிஞ்சா யார் வேணா பயமுறுத்தலாம். நான் குப்பையிலேருந்தே பண்றேன் பாரு," என்றாள் க்ளெண்டா.

"அதை ஏன் என்கிட்ட சொல்றே? அவகிட்டப் போய்ச் சொல்லு," என்றான் வெண்டெல், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து, எகிப்துப் பிணத்துக்குச் சுற்றுவதுபோலக் கதவு முழுக்கக் கட்டுப் போட்டாள். நடுவில் இரண்டு காகிதத் தட்டுகள் கண்களாக முழித்தன. முட்டை அட்டைகளுக்குக் கறுப்பு அடித்து வௌவால்களாகத் தொங்கவிட்டாள். காலிப் பால் ஜாடிகளில் பல்லிளிக்கும் முகம் வரைந்து, உள்ளே குட்டி விளக்கு வைத்துப் படியில் அடுக்கினாள். அந்தக் குட்டி விளக்குகளையும், பெட்டி கிழிந்திருக்கிறதென்று கடைக்காரப் பெண்ணிடம் வாதாடிப் பாதி விலைக்கே வாங்கியிருந்தாள்.

ஒரே குறை, வாசல் விளக்கு. அந்த வெளிச்சத்தில் கட்டுப் போட்ட பிணம், காயப்போட்ட துணி மாதிரி இருந்தது. க்ளெண்டா ஒரு கறுப்புக் குப்பைப் பையை விளக்குக்கு மாட்டி இறுக்கிக் கட்டினாள். வாசல் இருண்டது. ஜாடிகள் மினுங்கின. தெருவில் நின்று பார்த்தவளுக்கே முதுகு சிலிர்த்தது.

பொழுது சாய்ந்ததும் பிள்ளைகள் கிளம்பினார்கள். க்ளெண்டா சட்டியை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரு குட்டி எலும்புக்கூடு அவள் வாசலைப் பார்த்து வாயைப் பிளந்தது. அப்பன்காரன் என்னவோ சொல்லி எதிர்ப்பக்கம் இழுத்துப் போனான். அடுத்து ஒரு கடற்கொள்ளைக்காரன், ஒரு தேவதை. எல்லோரும் நின்றார்கள், பார்த்தார்கள், இவெட் வீட்டுக்குப் போனார்கள்.

"அவ என்னமோ சொல்லி வெச்சிருக்கா," என்று சட்டியோடு எழுந்தாள் க்ளெண்டா.

"போகாதே, அசிங்கம்," என்றான் வெண்டெல். அதற்குள் அவள் தெருவைத் தாண்டியிருந்தாள்.

"ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் இழுத்து வெச்சுக்கிட்டியே, திருப்தியா?"

இவெட் தன் காலிச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். "என்ன திருப்தி? ஒருத்தனாவது என் பூதத்தை நிமிர்ந்து பாத்தானா? 'அந்தக் கட்டுப்போட்ட பேயைத் தொடலாமா'ன்னு உன் கதவைப் பத்தியே கேட்டு உசிரை எடுக்கறாங்க. உன் வாசலைப் பாத்ததுலேருந்து எனக்குச் சோறு இறங்கலைடி!"

க்ளெண்டாவுக்கு அது தேனாக இறங்கியது. ஆனாலும் விடவில்லை. "அப்புறம் ஏன் ஒருத்தரும் வரலை?"

"விளக்கை அணைச்சுட்டுக் கேக்கறே பாரு கேள்வி! விளக்கில்லாத வீட்டுல மிட்டாய் கிடையாதுன்னு நடக்கத் தெரிஞ்ச குழந்தைக்குக்கூடத் தெரியும். தொந்தரவு பண்ணாதீங்கன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன்."

க்ளெண்டா திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். மிட்டாய் தீர்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்ட வீடு மாதிரியேதான் இருந்தது. இத்தனை வருஷம் இதே தெருவில் இருந்துகொண்டு!

"சரி, உன் மிட்டாய்ல பாதி குடு. என் வாசல்ல இன்னும் நிக்கறாங்க," என்றாள் இவெட்.

"தரேன். ஆனா உன் பூதத்துக்குக் காத்தைப் பிடுங்கிடணும். இப்பவே."

"அடிப்பாவி! அது கடையில என்ன விலை தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

இவெட் பல்லைக் கடித்துக்கொண்டு அடைப்பானை இழுத்தாள். பூதம் முட்டி மடிந்து புல்லில் சாய்ந்தது. க்ளெண்டா ஓடிப்போய்க் குப்பைப் பையை உருவினாள். பளிச்சென்று வெளிச்சம் விழுந்ததும் பிணம் மறுபடி காயப்போட்ட துணியாகிவிட்டது.

"பேய் துணி துவைச்சிருக்கு!" என்று கத்திக்கொண்டே முதலில் பாய்ந்தது அந்தக் குட்டி எலும்புக்கூடுதான்.