நீலத்தில் ஒரு மஞ்சள் கோடு

என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் இன்ஜின் பார்க்கும் வேலை. வருஷத்தில் பாதிக்கு மேல் தண்ணீரில் இருப்பார். மீதி நாளில் வீட்டில் உட்கார்ந்து எனக்கு உபதேசம் செய்வார்.

போன தடவை அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு மப்ளர் பின்ன ஆரம்பித்தேன். ஒரு பக்கம் நீலம், திருப்பிப் போட்டால் மஞ்சள். இதற்கு முதல் வரிசைக் கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை, ஏற்றும்போதே இரண்டு நூலையும் சேர்த்துப் பிடித்து, ஊசியில் நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று என்று மாற்றி மாற்றி ஏற்ற வேண்டும். நீலக் கண்ணி முன்பக்கத்துக்கு, மஞ்சள் பின்பக்கத்துக்கு.

"இதென்ன பெரிய வித்தை, குடு" என்று ஊசியைப் பிடுங்கிக்கொண்டார். இன்ஜினையே கழற்றி மாட்டுகிற கை, நடுவில் ஒரு ஜோடியை முன்பின்னாக ஏற்றிவிட்டது.

"கண்ணு தெரியலையா? மஞ்சள் முன்னால வந்திருக்கு பாருங்க!"

"இருந்துட்டுப் போகட்டும் விடு" என்று சிரித்தார். மறுநாள் போய்விட்டார். அவருடைய தலையணை உறையைத் துவைக்க எனக்கு ரொம்ப நாள் மனசு வரவில்லை.

இன்று காலையில் வீடியோவில் கூப்பிட்டார். "இன்னும் ஆறு மாசம் கப்பல்லயே இருக்க முடியுமான்னு கம்பெனில கேக்குறாங்க. சாயந்தரத்துக்குள்ள பதில் சொல்லணும். நீ என்ன சொல்ற?"

இந்தக் கேள்விக்கு "உங்க இஷ்டம்" என்பதுதான் என் வழக்கமான பதில். கெஞ்சுவது எனக்கு வராது. போனை வைத்துவிட்டுப் பாத்திரங்களை உருட்டுவேன், அவ்வளவுதான். இன்றும் அதுவே நுனிநாக்கு வரை வந்தது.

நான் வாயைத் திறக்காததைப் பார்த்து, "சரி, மப்ளரையாவது காட்டு" என்றார்.

விரித்துப் பிடித்தேன். நீலத்தின் நடுவே, அடியிலிருந்து மேல்வரைக்கும் ஒற்றை மஞ்சள் கோடு.

"ஐயையோ, நான் பண்ணின தப்பு கடைசிவரைக்கும் ஓடிடுச்சா?"

"அது தானா ஓடாது. அடுத்த வரிசையிலயே அந்தக் கண்ணிய நீலத்துல பின்னியிருந்தா சரியாப் போயிருக்கும்."

"அப்புறம் ஏன் பின்னல?"

அந்தக் கோட்டை விரலால் தடவினேன். "ஒவ்வொரு வரிசையிலயும் அந்த இடம் வரும்போது, நீங்க பக்கத்துல உக்காந்து ஏத்தினது ஞாபகம் வருது. மாத்தக் கை வரல."

அவருக்குப் பின்னால் இன்ஜின் இரைச்சல் கேட்டது.

"திருப்பு" என்றார் மெதுவாக.

திருப்பினேன். மஞ்சளுக்கு நடுவே நீலக்கோடு.

"உங்க இஷ்டம்னு இந்தத் தடவை சொல்ல மாட்டேன்" என்றேன். "வந்துடுங்க."